மேலோக இணைப்பு

செத்தவர்கள் பேசுகிறார்கள்! தெருவே அல்லோலகல்லோலப்பட்டது. மருந்துக்கடை மாடியில் ஓர் எந்திரம் வந்து இறங்கியிருந்தது. செயற்கை அறிவாம். போட்டோவும் பழைய குரல் பதிவும் கொடுத்தால் போதும், போனவர் அச்சு அசலாகப் பேசுவாராம். உயிரோடு இருந்தபோது ‘சாப்பிட்டியா’ என்று கேட்காத பிள்ளைகளெல்லாம் விடியும் முன்பே வரிசையில் நின்றார்கள்.

எந்திரத்தை ஓட்டியவருக்கு ஊர் வைத்த பெயர் மேலோக இன்ஜினியர். தாடிக்குப் பதில் கோட்டு. மற்றபடி தொழில் பழசுதான்.

அந்தத் தெருப் பல் டாக்டரின் அம்மாவும் அங்கே போய் விழுந்தார். இறந்துபோன கணவர் வாராவாரம் பேசினார். போன வாரம், வீட்டை இன்ஜினியரின் அறக்கட்டளைக்கு எழுதிவைக்கச் சொல்லிவிட்டார்.

“அம்மா, அது அப்பா இல்ல. அவர் குரலை வெச்சு எந்திரம் பண்ற மிமிக்ரி” என்றாள் டாக்டர் மகள்.

“எனக்குத் தெரியாதா அவர் குரல்?” என்றார் அம்மா.

மகள் சண்டை போடவில்லை. “ஒரே ஒரு சோதனை. மாமா செத்துட்டார்னு சொல்லிக் கேப்போம். நீ வாயைத் திறக்காத.”

“என் தம்பி குண்டுக்கல்லு மாதிரி இருக்கான்! எந்திரம் உன் பொய்யைப் பிடிச்சிடும். அசிங்கப்படப்போற, பாரு.”

மறுநாள் மாமாவின் போட்டோவையும், அவர் போனில் அனுப்பிய குரல் பதிவையும் கொடுத்தார்கள். விளக்குகள் மினுங்கின. மாமாவின் குரல் கரகரத்தது.

“அக்கா, நான் இங்க நிம்மதியா இருக்கேன். மச்சானும் பக்கத்துலதான் இருக்கார். யோசிக்காம வீட்டை எழுதிக் குடுத்துடு.”

மகள் சொல்லி வரிசையில் வந்து நின்றிருந்த மாமா முகக்கவசத்தைக் கழற்றினார். “நான் எப்பய்யா செத்தேன்? எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

இன்ஜினியர் அசரவில்லை. “எந்திரம் எதிர்காலத்தையும் பார்க்கும். சீக்கிரமே...”

“சீக்கிரமே என்ன?” மாமா சட்டைக் கையை மடித்துவிட்டார்.

இன்ஜினியர் வாசலைப் பார்த்தார். மாடிக்கு ஒரே படிக்கட்டு. படி முழுக்க அவருடைய பக்தர்கள்.

அம்மா நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். “அப்போ அவர்... பேசவே இல்லையா?”

“இல்லம்மா.” மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா கண்ணைத் துடைத்தார். “இருந்தவரைக்கும் என் பேச்சுக்கு ஒருநாள் தலையாட்டாத மனுஷன், செத்தப்புறம் எல்லாத்துக்கும் ‘சரிம்மா’ங்கிறாரேன்னு அப்பவே யோசிச்சிருக்கணும்.”

எந்திரத்துக்கு அறிவு வந்துவிட்டதா என்று உலகமே விவாதிக்கிறது. அது வரும்போது வரட்டும். நம்முடையது எங்கே போயிற்று என்று முதலில் தேடுவோம்.