எழுபத்தைந்து பாகையில் ஓர் எல்லைக்கோடு

ஒரு காட்டில் எல்லை காணாமல் போயிருந்தது.

அதுவரை ஓர் ஓடைதான் எல்லை. ஓடைக்கு மேற்கே யாரும் யாரையும் தின்னக்கூடாது. கிழக்கே அகப்பட்டால் புகார் கொடுக்க முடியாது. அந்த ஆண்டு மழை பொய்த்தது. ஓடை வற்றி, மணலோடு மணலாகிவிட்டது.

"கம்ப்யூட்டர்ல புது எல்லை போடுங்க," என்றது சிங்கராஜா. "வடக்கே வெள்ளைப் பாறை, தெற்கே ஆலமரம். நடுவுல ஒரு கோடு. என் பாத முத்திரை விழுந்துட்டா அப்புறம் மாத்தமாட்டேன்."

வேலை தாண்டவராயன் என்ற குரங்கிடம் வந்தது. டிஜிட்டல் ஓவியம் தெரிந்தது அந்தக் காட்டில் அது ஒன்றுதான். மரத்தில் பெரிய திரை கட்டினார்கள். எல்லா விலங்குகளும் வந்து உட்கார்ந்தன. குரங்கு பேனாவை எடுத்து, பாறையிலிருந்து ஆலமரம் வரை கையாலேயே ஒரு கோடு இழுத்தது.

கோடு நடுவில் ஓரிடத்தில் கிழக்கே புடைத்துக்கொண்டிருந்தது. கை நடுங்கியதால் அல்ல. அந்த இடத்தில் பஞ்சுமணி என்ற முயலின் வளை இருந்தது. வளைக்குள் கண் திறக்காத குட்டிகள் ஏழு. நேராகப் போட்டால் அவை கிழக்கே போய்விடும் என்று குரங்குக்குத் தெரியும்.

சிங்கராஜா முகத்தைச் சுளித்தது. "என்னய்யா இது? எலி முழுங்கின பாம்பு மாதிரி இருக்கு!"

"கை வழுக்கிருச்சு ராஜா," என்றது குரங்கு.

பஞ்சுமணிக்கு ஒரு பழக்கம் உண்டு. தனக்குத் தெரிந்த விஷயத்தை யாராவது தப்பாகச் செய்தால் அதற்கு மூக்கு துடிக்கும். இப்போதும் துடித்தது.

"கையால இழுத்தா அப்படித்தான் ஆகும்," என்றது. "பாறைமேல ஒரு புள்ளி வைங்க. ஷிப்ட் கீயை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ஆலமரத்துல தொடுங்க. நூல் பிடிச்ச மாதிரி கோடு விழும்."

குரங்கு கண்ணைச் சிமிட்டியது. முயலுக்குப் புரியவில்லை.

"தாயே, கொஞ்சம் சும்மா இரேன்," என்று முணுமுணுத்தது குரங்கு.

"ஏன் சும்மா இருக்கணும்? தெரியாட்டி கேட்டுக்கோங்க!"

"அக்கா சொல்றது நியாயம்தானே!" என்றது கிழக்கே குகை வைத்திருந்த நல்லமுத்து என்ற நரி. அதற்கு வரைபடம் நன்றாகப் படிக்கத் தெரியும்.

ராஜா முறைத்தது. வேறு வழியில்லாமல் குரங்கு ஒரு புள்ளி வைத்து, இடது கையால் ஷிப்டைப் பிடித்து, ஆலமரத்தைத் தொட்டது. சடக்கென்று கோடு விழுந்தது. முயலின் வளை நரியின் பக்கம் போனது.

பஞ்சுமணியின் மூக்கு துடிப்பது நின்றுபோனது.

"ராஜா! என் குட்டிங்க..."

"கோடு நேரா இருக்கா, இல்லையா?" என்றது நரி, நாக்கால் மீசையைத் துடைத்தபடி.

"அருமையா இருக்கு," என்றது சிங்கராஜா. முத்திரை பதிக்கப் பாதத்தைத் தூக்கியது.

இந்த இடத்தில் புத்தியுள்ள முயல், அதிகம் பேசியதற்காக வருந்தி அழுதிருக்கும். பஞ்சுமணி திரையின் அடிப்பக்கத்தைப் பார்த்தது. அங்கே பொடி எழுத்தில் ஓர் எண் இருந்தது. மூக்கு மறுபடியும் துடித்தது.

"எண்பத்தொண்ணேகால் பாகைன்னு போட்டிருக்கே ராஜா!"

தூக்கிய பாதம் நின்றது. "அப்படின்னா?"

"கோடு அவ்வளவு சாய்வா நிக்குது. பரவாயில்லை, காலும் அரையுமா இருக்கற எல்லை சில ராஜாக்களுக்குப் போதும்."

"என் எல்லையில சில்லறையா!" என்று கர்ஜித்தது சிங்கம்.

"ஷிப்டோட கண்ட்ரோலையும் சேர்த்துப் பிடிச்சா, பதினைஞ்சு பதினைஞ்சு பாகையாத்தான் கோடு திரும்பும். முழு எண்ணா அமையும்."

குரங்கு கோட்டை அழித்தது. வலது கையில் பேனா, இடது கையில் ஷிப்ட், வால் நுனியில் கண்ட்ரோல். தொட்டது. கோடு எழுபத்தைந்து பாகைக்குத் தாவியது. அதன் தெற்கு முனை ஆலமரத்தை விட்டுவிட்டுக் கிழக்கே வெகுதூரம் போய் நின்றது. முயலின் வளை மேற்கே வந்தது. நரியின் குகையும் அது வேட்டையாடும் இடமும் கூடவே வந்துவிட்டன.

"ராஜா, ஆலமரம் எங்கேயோ இருக்கு, கோடு எங்கேயோ போகுது!" என்று ஊளையிட்டது நரி.

"மரத்தை நகர்த்திக்கலாம். எழுபத்தைஞ்சு எவ்வளவு கம்பீரமா இருக்கு பார்!" என்ற சிங்கராஜா, பொத்தென்று முத்திரை பதித்தது.

மூன்று நாள் கழித்து, வயிறு ஒட்டிப்போய் நல்லமுத்து முயலின் வளை வாசலில் வந்து நின்றது. தின்ன முடியாது. அது மேற்கு.

"அக்கா," என்றது ஈனக்குரலில், "புல்லை எப்படித் தின்கிறது? நுனியிலேர்ந்தா, வேரிலேர்ந்தா?"

பஞ்சுமணிக்குத் தெரிந்த விஷயம் அது. சாயங்காலம் வரை சொன்னது.

நீதி: தெரிந்ததைப் பாதி சொன்னால் ஆபத்து உங்களுக்கு. முழுவதும் சொல்லிவிட்டால் அது பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.