அக்காவின் இமையும் சித்தப்பாவின் விசாரணையும்

மனிதர்களில் முகவிசாரணைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் நன்றாகத் தூங்கி எழுந்து, குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, இன்றைக்கு உலகத்தையே ஒரு கை பார்த்துவிடலாம் என்று தெருவில் இறங்கியிருப்பீர்கள். எதிரே வருவார். நிற்பார். தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார்.

"என்ன, உடம்பு சரியில்லையா? முகமே சரியில்லையே!"

அவ்வளவுதான். அதுவரை உங்களுக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதே ஞாபகத்தில் இல்லை. இப்போது முழங்கால் வலிக்கும், நாக்கு கசக்கும், நெஞ்சில் ஏதோ படபடக்கும். அவர் போய்விடுவார். போகிற வழியில் இன்னும் நாலு பேரைப் படுக்கவைக்க வேண்டாமா?

கெட்ட எண்ணத்தில் செய்கிறாரா என்றால், இல்லை. அதுதான் கொடுமை. கெட்டவராக இருந்தால் இரண்டு வார்த்தை கேட்டுவிடலாம். பாசத்தோடு கல்லெறிகிறவரை என்ன செய்வது?

எங்கள் குடும்பத்துக்கு வாய்த்தவர் சித்தப்பா. போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். பகல் முழுக்க முக்காலியில் ஆட்களை உட்காரவைத்து, "தாடையை இறக்குங்க, கண்ணை நல்லாத் திறங்க, அசையாதீங்க" என்று சொல்லிச் சொல்லி, தெருவில் நடக்கிறவர்களும் தன் முக்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவருக்கு நினைப்பு. அதிலும் அவர் அதிகம் விசாரித்த முகம், என் அக்காவினுடையது.

அக்கா கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். காலுக்கடியில் ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து, ஊரில் உள்ள நடுங்கிகளையெல்லாம் சாலைக்குத் தயார் செய்கிறவள். அவளுக்கு நாற்பதைத் தாண்டியதும் மேல் இமைத் தோல் தளர்ந்து, மடிந்து, கண்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. பார்ப்பவர்களுக்கு அவள் எப்போதும் அரைத் தூக்கத்தில் இருப்பதுபோலவே தெரியும். ஒருநாள் ஒரு மாணவர் நாற்சந்தியின் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு, "மேடம், தூங்கிட்டீங்களா?" என்று அழாத குறையாகக் கேட்டார். பின்னால் நின்ற லாரிக்காரர் அவரைவிட உரக்கக் கேட்டார்.

சித்தப்பாவோ வாராவாரம் வருவார். "என்னம்மா, ராத்திரி தூங்கலையா?" அடுத்த வாரம், "அழுதியாம்மா?" அதற்கடுத்த வாரம், அத்தானைத் தனியாக அழைத்துப்போய், "மாப்பிள்ளை, வீட்டுல ஏதாச்சும் பிரச்சனையா?" அத்தான் மழலைப் பள்ளியில் பாட்டு வாத்தியார். எறும்பு போனாலும் வழிவிட்டு நிற்கிறவர். "ஒண்ணுமில்ல மாமா" என்று சொல்லும்போதே அவருக்கு முகம் வெளுத்துவிடும். உடனே சித்தப்பா, "உங்களுக்கும் உடம்பு சரியில்ல போலருக்கே" என்பார்.

இதோடு போயிருந்தால் அக்கா பொறுத்திருப்பாள். ஆனால் தலைக்கு மேலே தொங்குகிற சிக்னல் விளக்கைப் பார்க்க அவள் தாடையை உயர்த்த வேண்டியதாயிற்று. நாளெல்லாம் தாடையை உயர்த்தியே இருந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. திமிர் பிடித்தவள் என்ற பெயரும் வந்தது. லைசென்ஸ் புதுப்பிக்கச் சித்தப்பாவே எடுத்துக்கொடுத்த போட்டோவை, கண் மூடியிருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குத்தான் அக்கா கண் டாக்டரிடம் போனாள். துணைக்கு நான்.

டாக்டர் ஒரு கருவிக்குள் அவளைப் பார்க்கச் சொல்லி, எங்கெல்லாம் வெளிச்சப் புள்ளி தெரிகிறது என்று சோதித்தார். பிறகு மேல் தோலை விரலால் தூக்கிப் பிடித்து மறுபடியும் சோதித்தார்.

"கண்ணு நல்லாருக்குங்க. ஜன்னல் சரியா இருக்கு, திரைதான் பாதி இறங்கியிருக்கு. அதிகமா இருக்கிற தோலை எடுத்துட்டா மேல இருக்கிறதும் தெரியும்."

"இதை அழகுக்காகத்தானே டாக்டர் பண்ணிக்குவாங்க?" என்றாள் அக்கா, ஏதோ திருட்டுக்குத் துணைபோவதுபோல் குரலைத் தாழ்த்தி.

"பாக்குறதுக்காகவும் பண்ணிக்கிறாங்க, மத்தவங்க பாக்குறதுக்காகவும் பண்ணிக்கிறாங்க. ரெண்டும் தப்பில்ல. நீங்க எதுக்கு?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "சிக்னலுக்கு. கூடவே கொஞ்சம் அழகும் வந்தா வேண்டாம்னு சொல்லமாட்டேன்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. என்னையும் அத்தானையும் தவிர யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், இந்த வயதில் இவளுக்கு என்ன சிங்காரம் என்பார்கள் என்று அக்காவுக்குப் பயம். டாக்டர் சொன்னதையெல்லாம் அத்தான் பாட்டுப்போல மனப்பாடம் செய்துகொண்டார். தலையணையை உயரமாக அடுக்கிப் படுக்கவைத்தார். சுத்தமான துணியில் குளிர்ந்த ஒத்தடம் கொடுத்தார். வேளை தவறாமல் களிம்பு போட்டார். அக்கா குனிந்தால் ஓடிவந்தார், தண்ணீர்க் குடத்தைப் பார்த்தால் ஓடிவந்தார், கண்ணைக் கசக்கப்போனால் கையைப் பிடித்துக்கொண்டார். "திடீர்னு ரொம்ப வலிச்சாலோ, பார்வை மங்கினாலோ, ரத்தம் நிக்காம வந்தாலோ உடனே சொல்லணும்" என்று அவர் மணிக்கொருதரம் சொன்னதிலேயே அக்காவுக்குத் தூக்கம் கெட்டது.

வீக்கம் ஏறியது. கண்ணைச் சுற்றி முதலில் சிவப்பு, பிறகு நாவற்பழ நிறம். இது இப்படித்தான் ஏறி, மஞ்சளாகி, வடியும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

சித்தப்பாவிடம் சொல்லவில்லையே!

அந்த நாவற்பழ நிறம் உச்சத்தில் இருந்த நாளாகப் பார்த்து அவர் வந்தார். கதவு திறந்தது. அக்காவைப் பார்த்தார். அத்தானின் கையில் இருந்த ஈரத் துணியைப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் ஒன்றுமில்லாத முகங்களையெல்லாம் நிறுத்தி நிறுத்திக் கேட்ட மனுஷன், உண்மையிலேயே கேட்கவேண்டிய ஒரு முகம் எதிரே வந்தபோது என்ன செய்தார் தெரியுமா? ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அப்புறம் வரேம்மா" என்று படியிறங்கிப் போய், தெருமுனையில் நின்று போன் மேல் போன் போட்டார்.

சாயங்காலம் பெரியம்மா வந்தார். அவர் பின்னால் அத்தை வந்தார். கடைசியில் சித்தப்பா, நீதிபதி நடையில். அக்கா உள்ளறையில் கண்ணில் துணியோடு படுத்திருந்தாள். விஷயம் எப்படியோ தெரிந்து நலம் விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, அத்தான் டீ போட்டுக் கொண்டுவந்தார். ஒருவரும் தொடவில்லை. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது பெரியம்மாவின் குரல் கேட்டது.

"எதுக்குப்பா இப்படிப் பண்ணின?"

"அவளேதான் கேட்டா" என்றார் அத்தான் பணிவாக.

"அவளே கேட்டாளா?"

"ரொம்ப நாளாவே கேட்டுட்டு இருந்தா. எனக்குத்தான் தைரியம் வரல. அப்புறம் ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசி, அவளுக்கு லீவு கிடைக்கிற நாளாப் பார்த்து..."

"லீவு பார்த்தா?" என்று அத்தை நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

சித்தப்பா எழுந்தே விட்டார். "அதுவும் ரெண்டு கண்ணுமா மாப்பிள்ளை?"

"ஒண்ணை மட்டும் பண்ணா ஒரே மாதிரி இருக்காதே மாமா!"

உள்ளறையில் ஏதோ முனகல். ஓடினேன். அக்கா தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். "சிரிக்கவிடாதடா... தையல் இழுக்குது..." சிரிப்பில் வந்த கண்ணீர் களிம்போடு கலந்து வழிய, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"யாரும் என்னை அடிக்கல. இமைக்கு ஆபரேஷன் பண்ணியிருக்கேன். மேல இருக்கிற சிக்னல் எனக்குத் தெரியல சித்தப்பா. பக்கத்துல உட்கார்ந்து கத்துக்கிற உசுரை நான்தான் பாத்துக்கணும். சிவப்பு விளக்கே தெரியாம எப்படிப் பாத்துப்பேன்? உங்களுக்கெல்லாம் சொன்னா சிங்காரம்னு சொல்லுவீங்களேன்னு பயந்தேன்."

பெரியம்மா அத்தானுடைய கையைப் பிடித்து, "தப்பா நெனச்சுட்டேன்பா" என்றார். கேட்க வந்ததும் நியாயம்தான், மன்னிப்புக் கேட்டதும் நியாயம்தான். அத்தான் அப்போதுதான் தான் எதற்காக விசாரிக்கப்பட்டோம் என்று விளங்கி, நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

அந்தச் சமாதானம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. சித்தப்பா தெளிந்துவிட்டார். "துணி ஏம்மா சில்லுன்னு இருக்கு? சூடா ஒத்தடம் கொடு. தலையணை எதுக்கு இவ்வளவு? குப்புறப் படு, வீக்கம் கீழ எறங்கிடும். கண்ணை இங்க காட்டு, நான் லேசாத் தேய்ச்சு..."

அவர் கை நீண்டது. அப்போதுதான் அந்த வீட்டில் யாரும் கேட்டிராத ஒரு சத்தம் கேட்டது.

"தொடாதீங்க!"

அத்தான்தான். பள்ளிக் குழந்தைகளுக்கு மேல் ஸ்தாயி சொல்லிக்கொடுக்கிற குரல். "டாக்டர் சொன்னது மட்டும்தான் இந்த வீட்டுல நடக்கும். டீயைக் குடிச்சுட்டுக் கெளம்புங்க!"

மூவரும் ஒரே மூச்சில் டீயைக் குடித்தார்கள். அக்கா கணவரைப் பார்த்தாள். அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குள்ளும் அவள் கண் கலங்கியது எனக்குத் தெரிந்தது. "அழக்கூடாது, களிம்பு போயிடும்" என்று அதட்டினார் அத்தான்.

தையல் பிரித்தார்கள், நிறம் மஞ்சளாகி வடிந்தது. டாக்டர் சரி என்று சொன்ன பிறகு அக்கா வேலைக்குத் திரும்பினாள். இப்போது அவளுக்குச் சிக்னல் மட்டுமல்ல, மாணவர்கள் செய்கிற தப்பு அத்தனையும் தெரிகிறது. முன்பு தூங்குகிறாளோ என்று பயந்தவர்கள், கொஞ்சம் தூங்கமாட்டாளா என்று ஏங்குகிறார்கள்.

புதுப் போட்டோ எடுக்க ஸ்டுடியோவுக்குப் போனோம். கண்கள் இரண்டும் பளிச்சென்று திறந்திருந்தன. சித்தப்பா கேமராவிலிருந்து தலையைத் தூக்கி, சாய்த்து, "என்னம்மா, எதையோ பார்த்துப் பயந்த மாதிரி இருக்கியே?" என்றார்.

அக்கா கேமராவை வாங்கினாள், அவரை முக்காலியில் உட்காரவைத்தாள், ஒரு படம் எடுத்தாள். அச்சாகி வந்ததை அவர் கையில் கொடுத்தாள். சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"யாரு இது? பாவம், ரொம்ப முடியாத மனுஷன் போல இருக்கே!"

வாசகரே, இந்த இனம் உங்கள் தெருவில் இல்லை என்று நிம்மதியடையாதீர்கள். ஒரு சின்ன சோதனை. இதை மூடிவைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரை ஒருமுறை பாருங்கள். கொஞ்சம் வாட்டமாகத் தெரிகிறாரா? பேசாமல் இருந்துவிடுங்கள், பார்க்கலாம்.

கேட்டே விட்டீர்களா?