நல்ல பிள்ளைகளின் மல்யுத்தம்

மாலை ஐந்து மணி அடிக்க இன்னும் ஐந்து மணி நேரமும் இருபது நிமிடமும் இருந்தன. அதற்குள் ஒரு கெட்டவனைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

மேடையில் பார்சல்காரர் லிஃப்ட் மெக்கானிக்கைத் தலைக்கு மேல் தூக்கி, பலகையில் அறைந்தார். கூடமே அதிர்ந்தது. நல்ல அடி. தராசு பேனாவைத் திறந்தார்.

பார்சல்காரர் குனிந்தார். "முதுகுக்கு ஒண்ணும் ஆகலையே ப்ரோ?"

"இல்ல ப்ரோ. நீங்க மெதுவாத்தான் போட்டீங்க."

தராசு பேனாவை மூடினார்.

தொலைக்காட்சி நிறுவனத்தின் விளையாட்டுப் பிரிவில் அவருக்கு இருபத்திரண்டு வருட அனுபவம். யாரையும் ஒரே பார்வையில் எடை போட்டுவிடுவார் என்பதால் தராசு என்று பெயர். வைத்தவர்கள் கிண்டலாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். இன்று காலையில்கூட வாசல் காவலர் வந்தவர்களின் பெயர்ப் பட்டியலை நீட்டியபோது, "அதெல்லாம் வேணாம்ப்பா, நான் ஆளைப் பார்த்தே சொல்லிடுவேன்" என்று திருப்பிக் கொடுத்திருந்தார்.

புதிய மல்யுத்த நிகழ்ச்சிக்கு எட்டு வீரர்கள். ஏழு பேர் வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். எட்டாவது இடம் உள்நாட்டு ஆளுக்கு. அதுவும் வில்லன் வேடம். ஐந்து மணிக்குத் தலைமை அலுவலகம் திரையில் வரும். பெயரைச் சொல்லாவிட்டால் அந்த இடத்தையும் அவர்களே நிரப்பிக்கொள்வார்கள்.

"அப்ப நம்ம பசங்க?" என்று தராசு கேட்டிருந்தார்.

"நம்ம பசங்க கயிறு கட்டுவாங்க. சாம்பியன் பெல்ட்டைத் தட்டுல வெச்சுக் கொண்டு வருவாங்க. அதுக்கும் ஆள் வேணுமில்ல?" என்றார் மேலாளர்.

அந்தத் தட்டு தராசின் தொண்டையில் மாட்டிக்கொண்டது.

அவர் மதிப்பெண் போடக் கற்றுக்கொண்டதே மல்யுத்த வீரர்களின் படச் சீட்டுகளில்தான். உயரம், எடை, மோதல்கள், வெற்றிகள், கடைசியில் தரவரிசை. அவரும் தங்கையும் ஒரு கோடை விடுமுறை முழுக்க அதை வைத்து ஆடினார்கள். ஐம்பத்திரண்டு சீட்டில் ஒன்றில்கூட நம் முகம் கிடையாது. ஒரு நாள் நோட்டு அட்டையைக் கத்தரித்து அவர்களே ஒன்று செய்தார்கள். தெருவுக்குச் சிலிண்டர் போடும் அண்ணன். தோளுக்கு ஒன்றாக இரண்டைத் தூக்குவார். தரவரிசை ஒன்று என்று அவர் எழுதினார். தங்கை சீட்டைப் பிடுங்கி, அதை அடித்துவிட்டு நாற்பது என்று எழுதினாள்.

"ஏண்டி?"

"அவர் எப்பப் பார்த்தாலும் சிரிக்கிறாருடா. யாரு பயப்படுவா?"

முப்பத்தைந்து வருடம் கழித்து, வாடகைக்கு எடுத்த இறகுப்பந்துக் கூடத்தில், தங்கை சொன்னது தராசுக்கு முழுதாக விளங்கியது. எதிரே நான்கு பேர். பார்சல் கொண்டுபோகிறவர், லிஃப்ட் மெக்கானிக், ஜிம் பயிற்சியாளர், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. படிவத்தில் சுருக்கமாகப் பார்சல், லிஃப்ட், ஜிம், மருந்து. விழுவதில் நால்வருக்கும் எட்டு. தூக்குவதில் ஒன்பது. கோபத்தில் ஒன்று, அதுவும் மனமிரங்கிப் போட்டது.

"இனிமே மேடையில யாரும் யாரையும் விசாரிக்கக் கூடாது," என்றார் தராசு. "வாயே திறக்கக் கூடாது."

திறக்கவில்லை. மருந்து ஜிம்மைத் தூக்கி, இரண்டு பக்கமும் பார்த்து, மூலை இடிக்காமல் இறக்கிவைத்தார். வீடு மாற்றுகிறவர்கள் பீரோவை இறக்குவது போல இருந்தது.

"சரி, பேசுங்க. ஆனா திட்டுங்க. கேட்டா ரத்தம் கொதிக்கணும்."

மருந்து தொண்டையைச் செருமினார். "உங்க உடம்பு இருக்கிற நிலைமைக்கு, நீங்க என்கூட மோதுறது அவ்வளவு நல்லதில்ல சார்."

"சார் எதுக்குய்யா?"

"பழக்கம் சார்."

லிஃப்டுக்கு மட்டும் கொஞ்சம் வந்தது. ஜிம்மை ஏற இறங்கப் பார்த்து, "மேல மட்டும் மலை மாதிரி இருக்கு. கால் ரெண்டும் குச்சி," என்றார்.

தராசு ஆசையோடு பேனாவைத் திறந்தார். ஜிம்மின் முகம் சுருங்கியது.

"நாலு வருஷமா காலுக்குத்தாங்க பண்றேன்," என்று ஜிம் மெல்லச் சொன்னார். மேடையிலிருந்து இறங்கினார். உடை மாற்றும் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

லிஃப்டுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்கதானே சார் சொல்லச் சொன்னீங்க?"

நால்வரும் மாறி மாறிக் கதவைத் தட்டினார்கள், தராசு உள்பட. தாழ் திறக்கவில்லை. அப்போதுதான் முன்வரிசையிலிருந்து அந்த அம்மா எழுந்து வந்தார்.

காலையிலிருந்து அவர் அங்கேதான் இருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. மடியில் ஒரு நீலப் பை. பையனுக்குத் துணையாக வந்த தாய் என்று தராசு பார்த்ததுமே எடை போட்டுவிட்டார். இந்தத் தொழிலில் அது புதிதில்லை. மீசை முளைத்த பையனுக்கும் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வந்துவிடுவார். தாய்மாரை ஓரமாக உட்கார வைத்து, வேலையைப் பார்ப்பதுதான் வழக்கம்.

அந்த அம்மா கதவில் வாயை வைத்து ஏதோ சொன்னார். ஒரு நிமிடத்தில் தாழ் திறந்தது. ஜிம் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

'ஜிம்மோட அம்மா,' என்று தராசு தீர்மானித்தார்.

சாப்பாட்டு இடைவேளையில் பார்த்தால், அதே அம்மா பார்சலின் கிழிந்த முழங்கால் உறையைத் தைத்துக்கொண்டிருந்தார். தராசுக்குக் குழப்பம். அருகே போனார்.

"இதுல உங்க பையன் யாரும்மா?"

"பையனா?" அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். மேடைப் பக்கம் பார்த்தார். "எல்லாம் தங்கமான புள்ளைங்க சார். அதானே இங்க பிரச்சினையே."

சொந்தப் பிள்ளைக்குச் சலுகை கேட்காத தாய். தராசுக்கு மதிப்பு கூடியது. திரும்பிப் போகும்போது மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டுப் போனார்.

இரண்டு மணி நேரம் போயிருந்தது. கூட்டம் இல்லாததுதான் குறை என்று தராசுக்குப் பட்டது. வெறும் நாற்காலியைப் பார்த்து யாருக்குக் கோபம் வரும்? பக்கத்துக் கூடத்தில் ஆடிக்கொண்டிருந்த பதினோரு பேரைக் கெஞ்சி அழைத்து வந்தார். எல்லாரும் வெள்ளை உடையில், மட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஒழுங்காக அமர்ந்தார்கள். மருந்து விழுந்தார், கை தட்டினார்கள். மருந்து எழுந்தார், அதற்கும் தட்டினார்கள்.

"இவங்களுக்கு யார் ஜெயிச்சா என்னன்னு இருக்கு," என்று தராசு முனகினார்.

அம்மாவுக்கு அப்படி இருந்ததில்லை. தராசின் அம்மாவுக்கு.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி. பெட்டியில் புள்ளி புள்ளியாகப் படம். அப்பா மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டு, "இப்ப வருதா?" என்பார். தங்கை ஜன்னலில் தலையை நீட்டி, "வந்துச்சு, போச்சு, வந்துச்சு" என்பாள். அம்மா வாரத் துணிகளைக் குவித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பார். மல்யுத்தம் காட்டுமிராண்டித்தனம் என்பது அவர் கட்சி. ஆனால் நடுவர் திரும்பியிருக்கும் நேரம் பார்த்து எவனாவது நாற்காலியைத் தூக்கிவிட்டால், இஸ்திரிப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுவார். அப்பாவின் சட்டைகள் இரண்டு அப்படிப் போயின.

"ஏன் இப்படிக் கத்துறே? எல்லாம் முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டு அடிக்கிறாங்க," என்று அப்பா ஒரு நாள் சொன்னார்.

"அது அடிக்கிறவனுக்குத் தெரிஞ்சாப் போதும். எனக்கு எதுக்குச் சொல்றீங்க?" என்றார் அம்மா.

இப்போது அந்த வீடு இல்லை. சண்டை போடுகிற தங்கை எங்கோ தூரத்தில் இருக்கிறாள். பண்டிகை வாழ்த்துப் படம் அனுப்புகிறாள். அம்மாவும் இல்லை. தராசு படிவத்தைப் பார்த்தார். 'கூட்டத்தைக் கிளப்பும் திறன்' என்று அச்சடித்திருந்தது. இஸ்திரிப் பெட்டியை மறக்க வைக்கிறவன் எவனோ அவன்தான் ஆள் என்று அன்றைய தராசுக்கு, அந்த ஒன்பது வயதுப் பையனுக்கு, நன்றாகத் தெரியும். படிவத்தில்தான் அதற்குக் கட்டம் இல்லை.

மணி நான்கு இருபது. தராசு லிஃப்டைத் தனியே இழுத்தார்.

"நாற்காலியால அடி. நடுவர் அந்தப் பக்கம் திரும்பும்போது, பின்னாலேருந்து."

"பாவம் சார்."

"பாவமெல்லாம் அஞ்சு மணிக்கு மேல."

நடுவராக நின்ற கேமராக்காரர் சொன்னபடி சுவரைப் பார்த்துத் திரும்பினார். லிஃப்ட் கீழே இறங்கி, முன்வரிசையில் இருந்த வெள்ளை உடைக்காரரிடம், "ஐயா, கொஞ்சம் எழுந்துக்கிறீங்களா? நாற்காலி வேணும்," என்றார். அவர் எழுந்து, மடக்கியும் கொடுத்தார். லிஃப்ட் அதைக் கொண்டுபோய்ப் பார்சலின் முதுகில் ஒட்டடை அடிப்பது போலத் தட்டினார். பார்சல் கடமைக்கு விழுந்தார்.

"டேய்!"

கூடத்தின் ஓடுகள்கூடக் கேட்டிருக்கும்.

"நடுவரே! அங்க சுவத்துல என்னய்யா தெரியுது? திரும்பிப் பாருய்யா! புள்ளைய அடிக்கிறான்!"

அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, கயிற்றுக்கு இடையில் புகுந்து மேடையில் நின்றார். நீலப் பை சுழன்றது. லிஃப்ட் இரண்டு சுற்று ஓடி, மூன்றாவது சுற்றில் மேடையை விட்டே குதித்தார். கேமராக்காரர், "அம்மா, அம்மா" என்று குறுக்கே வந்தார். அந்த அம்மா அவர் காதைப் பிடித்து மூலையில் கொண்டுபோய் நிறுத்தினார்.

வெள்ளை உடைக்காரர்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள்.

பார்சல் கையூன்றி எழுந்து, "தேங்க்ஸ்மா," என்றார்.

அந்த அம்மா கனிவாகச் சிரித்தார். கீழே கிடந்த நாற்காலியை எடுத்தார். பார்சலின் முதுகில் ஒன்று வைத்தார். சத்தம் பெரிதாகக் கேட்டது. பார்சல் மறுபடி விழுந்தார். இந்தத் தடவை யாரும் சொல்லிக்கொடுத்து விழுந்த மாதிரி இல்லை.

கூடம் கொதித்தது.

"அநியாயம்!" "புள்ளைய போய் அடிக்குது பாரு!" "இறக்குங்கய்யா அந்தம்மாவை!"

"என்ன சத்தம் அங்க?" அவர் பார்சலின் முதுகில் ஒரு காலை வைத்துக்கொண்டு கேட்டார். "பந்து பொறுக்குறவங்களுக்கெல்லாம் வாயா? உக்காருங்க! உக்காருன்னா உக்காரணும்!"

இறகுப்பந்துகள் மேடையை நோக்கிப் பறந்தன. ஒருவர் மட்டையையே ஓங்கினார். மருந்து, "இது ரொம்பத் தப்பு!" என்று முதல்முறையாகச் சார் போடாமல் கத்தினார். எங்கேயோ ஒரு குரல், "பின்னாடி பாரு! நடுவரே, பின்னாடி பாரு!" என்று கீச்சிட்டது. அது தன் குரல் என்பது தராசுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் தெரிந்தது. அவர் நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தார். கன்னம் நனைந்திருந்தது.

வெட்கத்தோடு இறங்கினார். மணி நான்கு ஐம்பது. தேர்வு நடக்கிற மேடையில் வெளியாள் ஏறிவிட்டார். தலைமை அலுவலகத்துக்குத் தெரிந்தால் எட்டாவது இடம் இருக்கட்டும், நிகழ்ச்சியே போய்விடும். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இறக்கினார்.

"பெத்த மனசு எனக்குப் புரியுதும்மா. ஆனா இது சும்மா வேடிக்கைக்கு. நிஜமா யாரும் யாரையும் அடிக்கல."

"அப்படியா சார்?" என்று அவர் கண்ணை அகல விரித்தார். பிறகு முன்வரிசையில் போய் அமர்ந்து, கலைந்த கொண்டையை முடிந்துகொண்டார்.

வெள்ளை உடைக்காரர்கள் அவரைத் திரும்பித் திரும்பி முறைத்துக்கொண்டே வெளியேறினார்கள்.

தராசு படிவத்தின் கடைசி வரியில், 'தகுதியான உள்நாட்டுத் திறமை' என்பதற்கு எதிரே, 'இல்லை' என்று எழுதினார். பேனா கனத்தது. நால்வரும் வரிசையாக நின்றார்கள். முதுகைத் தேய்த்தபடி பார்சல், தலைகுனிந்தபடி லிஃப்ட்.

"போகட்டும், உங்க மேல தப்பில்ல. ஜிம், அம்மாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போப்பா."

"எங்கம்மா இல்லைங்க. பார்சல் அண்ணனோட அம்மா."

"எங்கம்மாவா?" என்றார் பார்சல். "பெத்த தாய் இப்படியா அடிப்பாங்க? நான் மருந்து சாரோட அம்மான்னுல்ல நெனச்சேன்!"

மருந்து கையெடுத்துக் கும்பிட்டார். லிஃப்ட் தன் அம்மாவும் இல்லை என்று அவசரமாகத் தலையாட்டினார்.

கூடத்தைப் பூட்டச் சாவியோடு வந்த வாசல் காவலர் நடுவில் நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"அவங்க யாருக்கும் அம்மா இல்ல சார், காலையில ஏழு மணிக்கே வந்து, வில்லன் வேஷத்துக்கு முதல் ஆளா பேர் கொடுத்தவங்க."