சீலிங் கசிவைச் சரிசெய்ய வேண்டாமெனக் கோரி

மதிப்பிற்குரிய வீட்டு உரிமையாளர் ஐயா அவர்களுக்கு,

தங்கள் கீழ்வீட்டு வாடகைதாரர் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், என் மகள், தண்ணீர் மோட்டார் ஆகிய மூவரும் நலம். தங்கள் நலமும், தங்கள் வீட்டம்மா அவர்களின் முழங்கால் நலமும் அறிய ஆவல். எதுவானாலும் எழுத்தில் கொடுங்கள், போனில் சொன்னால் எனக்கு மறந்துவிடும் என்று சாவி கொடுத்த அன்றே தாங்கள் சொன்னதால் இதையும் எழுத்திலேயே தருகிறேன். விஷயம் இதுதான். மகளின் அறையில் சீலிங் ஒழுகுகிறது என்று இதுவரை நான் அனுப்பிய புகார்க் கடிதங்கள் எல்லாவற்றையும் தயவுசெய்து கிழித்துப் போட்டுவிடவும். அவற்றில் "உயிருக்கு ஆபத்து" என்ற இடத்தில் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டதையும் மன்னிக்கவும். வருகிற வியாழக்கிழமை கொத்தனாரை அனுப்பி, ஈரம் பிடித்த இடத்தைக் கொத்திப் பூசி வெள்ளையடித்துத் தருவதாகத் தாங்கள் சொல்லியனுப்பிய செய்தி கிடைத்தது. மிக்க நன்றி, அனுப்ப வேண்டாம். வாரக்கணக்கில் கரடியாகக் கத்தியபோது அசையாத மனிதர் இப்போது மட்டும் ஏன் இத்தனை வேகம் காட்டுகிறார் என்று நான் கேட்கப் போவதில்லை. என் காரணத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், சிரமம் பாராமல் கடைசிவரை படிக்க வேண்டும்.

நான் மெத்தைக் கடையில் விற்பனையாளன் என்பது தங்களுக்குத் தெரியும். வருகிறவர்களைப் படுக்க வைத்து, முதுகு எப்படி இருக்கிறது, கழுத்து எப்படி இருக்கிறது என்று விசாரித்து, தாலாட்டுப் பாடாத குறையாக வியாபாரம் செய்கிறவன். ஊருக்கே தூக்கம் விற்கிறவன் வீட்டில் ஐந்து வயது மகள் தனியாகப் படுக்கமாட்டேன் என்கிறாள் என்றால் வெளியே சொல்ல முடியுமா. இந்த நேரம் பார்த்து என் மனைவிக்குப் பதவி உயர்வு வந்து, அதற்கான பயிற்சிக்கு மூன்று மாதம் வேறு ஊருக்குப் போக வேண்டியதாயிற்று. பெட்டியை மூடிக்கொண்டே சொன்னாள்: "நான் திரும்பி வர்றதுக்குள்ள அவ தன் ரூம்ல தனியாப் படுத்துப் பழகியிருக்கணும். இது ஒண்ணையாவது ஒழுங்கா முடிங்க." அந்த 'ஒண்ணையாவது' இருக்கிறதே ஐயா, அது சுருக்கென்று தைத்துவிட்டது. கூப்பிடாமலே குழந்தை ஓடிவந்து படுத்துக்கொள்கிற மாதிரி அந்தச் சின்ன அறையை அலங்கரித்துக் காட்டுவது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். கரடி ஸ்டிக்கர், ராக்கெட் ஸ்டிக்கர் எல்லாம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. என் மகளுக்கு என் கைப்பட, என் ரசனைப்படி செய்ய வேண்டும் என்று கிளம்பினேன். மனைவி வருகிற ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருகிறாள் என்பதை மட்டும் தாங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிறம். தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது, இமை மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால், எல்லாம் ஒரு மாதிரி மங்கித் தெரியுமே, அந்த நிறம் வேண்டும் என்று பெயின்ட் கடையில் கேட்டேன். கடைக்காரர் "நம்பர் சொல்லுங்க" என்றார். நம்பர் கிடையாது, கண்ணை லேசாக மூடிப் பாருங்கள், தெரியும் என்றேன். பாவம், மூடிப் பார்த்தார். கூட நின்ற பெயின்டரும் மூடிப் பார்த்தார். ஒருத்தருக்கு நீலமாகத் தெரிந்ததாம், இன்னொருத்தருக்குச் சாம்பலில் கொஞ்சம் ஊதா. சரி, ரெண்டையும் கலந்து கொடுங்கள் என்று வாங்கிவந்தால், சுவரில் ஏறிக் காய்ந்ததும் அசல் கத்தரிக்காய். ஆனா ஒண்ணு சொல்லணும் ஐயா, சாயங்காலம் ஜன்னல் வழியா வெயில் சாஞ்சு உள்ளே விழும்போது அந்த ரூம்ல நின்னா, நிக்கிறோமா மிதக்கிறோமான்னே புரியாது. சுவர் கொஞ்சம் கொஞ்சமா விலகிப் போற மாதிரி இருக்கும். ரெண்டாம் கோட் அடிக்க வந்த பெயின்டர் ஏணியைச் சாத்தி வெச்சுட்டு ஒரு நிமிஷம்னு உக்காந்தவர்தான், குறட்டை விட ஆரம்பிச்சுட்டார். எழுந்திரிச்சு முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "சார், இந்த ரூம்ல வேலை பார்க்க முடியாது, கை காலெல்லாம் கழண்டு போகுது"ன்னு சொல்லிட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. அதனாலதான் கதவுக்குப் பின்னால இருக்கிற சுவர் மட்டும் இன்னும் உங்க பழைய மஞ்சளாவே இருக்கு, வந்து பார்த்தா கோவிச்சுக்கக் கூடாது.

அப்புறம் மேகம். எங்க கடையில மெத்தை வெட்டினது போக மிஞ்சுற ஃபோம் துண்டு மூட்டை மூட்டையாக் கிடக்கும். முதலாளிகிட்ட கேட்டு எடுத்துட்டு வந்து, கத்திரிக்கோலால மேகம் மேகமா வெட்டி, பசை போட்டுச் சுவர்லயும் சீலிங்லயும் ஒட்டினேன். மெத்தை உறைக்குப் போடுற கோடு போட்ட துணியில திரைச்சீலை தைச்சேன். மகளும் நானும் தரையில படுத்துக்கிட்டு, எந்த மேகம் எங்கே போகுதுன்னு பேசிக்கிட்டே இருந்தோம். அவங்கம்மா இருக்கிற ஊருக்கு ஒரு மேகம் போகுதுன்னா. சரி போகட்டும்னேன். அவ்வளவு அழகா இருந்துச்சு. ஆனா ஃபோமுக்கு அந்தப் பசை ஒத்துக்கலை போல, அவ முதல் தடவையாத் தனியாப் படுத்த அன்னைக்கே அவங்கம்மா ஊருக்குக் கிளம்பின மேகம் நேரா அவ மூஞ்சியில வந்து விழுந்துருச்சு. தலையணையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு என் கட்டிலுக்கு வந்தவ, "வானம் சரியில்லப்பா"ன்னு ஒரே வார்த்தைதான் சொன்னா. அடுத்த வாரம் மீதி மேகத்தையும் பிச்சு எடுத்தேன். சீலிங் மொட்டையா நின்னுச்சு. அவளும் என் கட்டில்லயே ஒட்டிக்கிட்டா.

அந்த மொட்டை சீலிங்லதான் கசிவு ஆரம்பிச்சுது. அந்த ரூமுக்கு நேர் மேல மாடி வீட்டு டீச்சரோட பால்கனி, அங்கே வரிசையாப் பூந்தொட்டி. அவங்க காலையும் மாலையும் தண்ணி ஊத்த ஊத்த, கீழே ஈரம் பரவி, பழுப்பா ஒரு கறை. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பார்த்துப் பார்த்து இழைச்ச ரூமாச்சே, உடனே உக்காந்து உங்களுக்குப் புகார் எழுதினேன், நீங்க பதில் போடலை, மறுபடியும் எழுதினேன். இந்த நேரத்துலதான் ஒரு நாள் சாயங்காலம் மகள் அந்த ரூம்லேர்ந்து மெதுவா வெளியே வந்து, வாயில விரலை வெச்சு, "சத்தம் போடாதப்பா, எருமை தூங்குது"ன்னா. உள்ளே போய்ப் பார்க்கிறேன், சீலிங்ல கறை எருமையாவே படுத்திருக்கு. மடக்கின முன்னங்கால், தொங்கின காது, பெரிய வயிறு. வெளிச்சம் குறையக் குறைய அது மூச்சு விடுற மாதிரியே எனக்கும் தெரிஞ்சுது. அன்னைக்கு அவ அதுக்குக் கீழேயே படுத்துத் தூங்கிட்டா. துணைக்கு நான் தரையில ஒரு சிங்கிள் மெத்தை போட்டு, அவ தூங்கினதும் எழுந்து போயிடலாம்னு படுத்தேன். கண்ணைத் திறந்தா விடிஞ்சிருந்துச்சு. நான் பெயின்ட், ஃபோம், பசைன்னு மாய்ஞ்சு மாய்ஞ்சு செஞ்சு நடக்காததை உங்க சீலிங் சும்மா இருந்தே சாதிச்சுட்டுது. கொஞ்சம் பொறாமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல விரும்பலை.

எல்லாம் நல்லபடியாப் போய்க்கிட்டிருந்தப்போ என் கடைசிப் புகார் உங்க கைக்குக் கிடைச்சுத் தொலைச்சுது. நீங்க டீச்சருக்கு போன் போட்டு, தொட்டிக்குத் தண்ணி ஊத்தினா வீட்டைக் காலி பண்ணுங்கன்னு சொல்லிட்டீங்க. அவங்க ஊத்துறதை நிறுத்திட்டாங்க. மாடிப்படியில என்னைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. மேலே ரோஜா வாட வாட, கீழே எருமை காய ஆரம்பிச்சுது. "வயிறு ஒட்டிப்போச்சுப்பா"ன்னா மகள். ரெண்டு நாள்ல ஒரு காது போச்சு. மூணாம் நாள் நான் தரை மெத்தையை விட்டு என் கட்டிலுக்குத் திரும்பினதும், அவளும் தலையணையைத் தூக்கிக்கிட்டு மறுபடியும் அங்கேயே வந்துட்டா. வேற வழியில்லாம அவளைக் கையில பிடிச்சுக்கிட்டு மாடி ஏறினேன். டீச்சர் கதவைப் பாதி திறந்து, "என்ன, இப்ப எதைப் பத்தி எழுதப் போறீங்க?"ன்னாங்க. தண்ணி ஊத்துங்கன்னு கேக்க வந்தேன்னேன். "ஊத்தாதேன்னு எழுதினதும் நீங்க, ஊத்துன்னு கெஞ்சுறதும் நீங்க. உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" மகள்தான், "எங்க எருமை மெலிஞ்சு போச்சு டீச்சர்"னு விஷயத்தைப் போட்டு உடைச்சா.

டீச்சர் கீழே இறங்கி வந்தாங்க. நின்னு பார்த்தா கழுத்து வலிக்குதுன்னு என் சிங்கிள் மெத்தையில மல்லாந்து படுத்து, கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. பழக்க தோஷத்துல முதுகுக்கு எப்படி இருக்குன்னு கேட்டுத் தொலைச்சேன், நல்லா இருக்குன்னாங்க. பள்ளிக்கூடத்துல பூகோளம் நடத்துறவங்க இல்லையா, உலக மேப் பார்க்கிற மாதிரியே பார்த்துட்டு, "தென்மேற்குல பின்னங்கால் குறையுது. அது ரோஜாத் தொட்டி இருக்கிற பக்கம். காது வேணும்னா கற்றாழையைக் கொஞ்சம் நகர்த்தணும்"னாங்க. அன்னையிலேர்ந்து தினமும் இதே வேலை ஐயா. மகள் கீழே படுத்துக்கிட்டு, "டீச்சர், வால்"னு ஜன்னல் வழியாக் குரல் குடுப்பா, மேலேர்ந்து ஒரு குவளைத் தண்ணி விழுற சத்தம் கேட்கும், நாங்க காத்திருப்போம். மறுநாள் வால் வந்திருக்கும். ஒரு தடவை டீச்சர் பரீட்சைப் பேப்பர் ஞாபகத்துல வாளியோட கவிழ்த்துட்டாங்க, பக்கத்துலயே தனியா ஒரு சின்னத் திட்டு. கன்னுக்குட்டின்னு மகள் சொன்னா. டீச்சரும் இறங்கி வந்து பார்த்து ஆமோதிச்சாங்க. சொட்டின தண்ணிக்கு வாளியை வெச்சுட்டு, அது டொக்கு டொக்குன்னு விழுறதைக் கேட்டுக்கிட்டே மூணு பேரும் அப்படியே அசந்துட்டோம். அந்த ரூம்ல நேரம் எப்படிப் போகுதுன்னு எனக்கு இப்பவும் தெரியலை.

ஆகவே ஐயா, கட்டடம் தங்களுடையது, உள்ளே கம்பி துருப்பிடிக்கும் என்று கொத்தனார் சொல்லத்தான் சொல்வார், எல்லாம் எனக்கும் புரிகிறது. ஆனால் வியாழக்கிழமை எருமையைக் கொத்தியெடுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மனைவி வந்து நிற்கும்போது மகள் பழையபடி என் கட்டிலில்தான் இருப்பாள். மூன்று மாதத்தில் அந்த ஒன்றைக்கூட முடிக்கவில்லை என்றால் அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பது. அவள் இல்லாத வீடு எனக்கு அவ்வளவு சௌகரியமாக இல்லை, அதையும் மறைக்கவில்லை. அவளிடம் காட்ட எனக்கென்று இருப்பது இந்த ஒரு அறைதான். டீச்சர் மேல் உள்ள தடையை நீக்கி, சீலிங்கை இருக்கிறபடியே விட்டுவைத்தால் தங்கள் பெயரைச் சொல்லித்தான் தினமும் படுப்போம். தங்கள் வீட்டம்மா முழங்காலுக்கு ஏற்ற மெத்தை ஒன்றை என் பொறுப்பில் தேர்ந்தெடுத்துத் தருகிறேன்.

தங்கள் குடும்பத்தார் யாவரும் நோய் நொடியின்றி, படுத்தவுடன் தூக்கம் வந்து, நல்ல கனவோடு நீடூழி வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
தங்கள் உண்மையுள்ள,
கீழ்வீட்டு மெத்தைக்காரன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது மகள் வந்து என்ன எழுதினாய் என்று கேட்டாள். படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கொத்தனார் வந்தா வரட்டும்ப்பா, எனக்கு எருமை வேணாம்"னா. அப்போ தூக்கம் வருமான்னு கேட்டேன். "எனக்கு எப்பவும் வரும். அம்மா போனதுலேர்ந்து நீதான் ராத்திரி எல்லாம் உக்காந்தே இருக்கே. அதான் உன் ரூமுக்கு வந்து வந்து படுத்தேன், அப்பவும் நீ தூங்கலை. எருமையைக் காட்டினப்புறம்தான் தூங்கினே. அதான் டீச்சர்கிட்ட சொல்லி அதைக் குண்டாக்கிக்கிட்டே இருந்தோம்"னு சொல்லிட்டு விளையாடப் போயிட்டா. டீச்சருக்கும் தெரியுமாம். எனவே ஐயா, மேலே எழுதியதை எல்லாம் தள்ளுபடி செய்துவிட்டுக் கொத்தனாரைத் தாராளமாக அனுப்பி வையுங்கள். ஆனால் வியாழக்கிழமை வேண்டாம், ஞாயிறு கழியட்டும். அதுவரைக்கும் எனக்கு அது வேண்டும்.