அக்காவின் கலியாணமும் என் பச்சைப் பட்டனும்

எதையாவது இலகுவாக்கித் தருகிறேன் என்று கிளம்புகிறவனை வீட்டுக் காரியங்களில் சேர்க்கவே கூடாது. என் தொழிலே அதுதான் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

அப்போது கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சின்ன ஸ்டார்ட்அப்பில் டிசைனராக இருந்தேன். (மூன்று பேர், ஒரு ஏசி. ஏசி வேலை செய்யாது.) கலியாண அழைப்பிதழைப் போனில் அனுப்பி, யார் யார் வருவார்கள் என்று கணக்கெடுக்கும் இணையத்தளம் எங்களுடையது. முதல் கலியாணமாக என் அக்கா வாணியின் கலியாணத்தையே பிடித்துக் கொடுத்தேன். வீடு வீடாகப் போய்க் கலியாணம் சொல்லத் தேவையில்லை, ஒரு லிங்க் போதும் என்றதும் முழங்கால் வலிக்கார அப்பா மறுபேச்சில்லாமல் சம்மதித்தார். (எங்கள் பக்கத்து ஃபிளாட்களில் பாதிக்கு லிஃப்ட் ஓடாது.)

அக்காவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

"பாப்பம் எண்டும் ஒரு பட்டன் வையனடா. எங்கட ஆக்கள் அப்பிடித்தானே சொல்லுவினம்."

"தெரிவு கூடினா யூசர் குழம்புவார் அக்கா."

அந்த நாட்களில் நான் மனிதர்களை யூசர் என்றே அழைத்துவந்தேன். கட்டைவிரலுக்கு வாகாக, பச்சையில், பெரிதாக 'வருகிறேன்'. அதற்குக் கீழே, கண்ணாடி போட்டாலும் தெரியாத சாம்பல் எழுத்தில் 'வரவில்லை'. பச்சையை அழுத்தினால் திரையில் பூமாரி பொழியும். சில நாட்களிலேயே மண்டபம் கொள்ளாத அளவுக்குப் பச்சை வந்துவிட்டது. நான் சொன்ன தொகையை அப்பா அப்படியே சமையல்காரரிடம் சொன்னார்.

கலியாணத்தன்று கொட்டாஞ்சேனையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பஸ் பிடித்து வந்து இறங்கினார்கள். அவர்கள் பக்கம் நிரம்பி வழிந்தது. எங்கள் பக்கம் வெறும் நாற்காலிகள். மணமகள் அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்த அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"உன்ர யூசர்மார் எங்கயடா?"

முதலாவதாகப் பச்சையை அழுத்திய மாலா அன்ரிக்குக் கோல் எடுத்தேன்.

"அன்ரி, எங்க நிக்கிறியள்?"

"கனடாவிலதான் தம்பி. வேற எங்க?"

"வருகிறேன் எண்டு அமத்தினியளே."

"நல்ல காரியத்துக்கு வரேல்லை எண்டு அமத்தலாமே? பூவும் வடிவாக் கொட்டினது. ரெண்டு தரம் அமத்தினனான்."

பச்சையில் கால்வாசி கனடாவும் லண்டனும். சரி, பக்கத்து லேனில் இருக்கும் சிவம் மாமாவுக்கு என்ன வந்தது? பெண்ணின் தம்பி என்ற முறையில் மாப்பிள்ளைத் தோழனாக நிற்க வேண்டிய நான், கட்டிய தலைப்பாகையோடு ஓட்டோ பிடித்தேன்.

மாமா பட்டு வேட்டி சால்வையோடு கதவைத் திறந்தார். பின்னால் மாமி, நகை எல்லாம் போட்டு, தலையில் பூவும் வைத்திருந்தார்.

"லிங்க் வந்ததுதான் தம்பி. ஆனா வீட்டை வந்து ஒருத்தரும் சொல்லேல்லையே. சொல்லாத இடத்துக்கு எப்பிடி வாறது?"

"இப்ப சொல்லுறன் மாமா. கெதியா வாங்கோ."

"அப்ப இரு. கலியாணம் சொல்ல வந்தவனைத் தேத்தண்ணி குடுக்காம அனுப்பேலாது."

எல்லா வீட்டிலும் இதே கூத்து. உடுத்திக்கொண்டு ஆயத்தமாக இருக்கிறார்கள். போய்ச் சொன்னால்தான் அசைவார்கள், தேநீர் தந்துவிட்டுத்தான் அசைவார்கள். தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் தலைப்பாகை. யாரோ ஒருவரின் மூன்றாம் மாடியில் சுடச்சுடத் தேநீரை ஊதிக்கொண்டிருந்தபோது, மண்டபத்துப் பக்கமிருந்து கெட்டிமேளம் கேட்டது. என் அக்காவுக்குத் தாலி ஏறுகிறது, நான் கோப்பையும் கையுமாக நிற்கிறேன். அழுகையே வந்துவிட்டது. (சீனி கூடிவிட்டதாக நினைத்து, அந்த வீட்டு அன்ரி வேறு தேநீர் போட்டு வந்தார்.)

நாற்காலிகள் ஒருவழியாக நிறைந்தன, சாப்பாடும் வீணாகவில்லை. ஆனால் தாலி கட்டும் படத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் தோழன் இல்லை. அக்கா அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கிக் கொட்டாஞ்சேனை வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறாள். குடும்பத்தில் எந்த விசேஷம் வந்தாலும் குங்குமச் சிமிழோடு மாடி மாடியாக ஏறிச் சொல்வது இப்போது என் வேலை.

அக்காவிடம் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வாறன் என்று போனில் சொன்னால், இன்றைக்கும் கேட்பாள்:

"பட்டனால வாறியோ, காலால வாறியோ?"