பலாக்கொல்லையில் கட்டிப்போடப்பட்ட சப்-இன்ஸ்பெக்டர் விஷயமாக

ஜமுனாமரத்தூர்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள சக்திவேலுக்கு,

சப்-இன்ஸ்பெக்டரை மரத்தில் கட்டிப்போடச் சொன்னது நான்தான் என்று நம் குடும்பத்தில் பேசிக்கொள்கிறார்களாம். ஆலங்காயத்திலிருந்து உன் அம்மா போனில் அழுதாள். அது தவறு. காக்கியைக் கழற்றிவிட்டு வேட்டியில் போகச் சொன்னேன், அவ்வளவுதான். கயிறு என்னுடையது என்பதும் பொய். என் வீட்டில் மாடு கிடையாது. மாட்டு டாக்டரின் மனைவி வீட்டில் கயிறு இல்லாமல் இருக்குமா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதாக இல்லை.

நீயும் கவியாவும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமா என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுகம் என்றுதான் சொல்லியிருப்பேன். எங்கள் மலைக்கும் சேர்த்து நீ டி.எஸ்.பி.யாக வந்த செய்தி கேட்டு உன் மாமா படத்துக்கு மாலை போட்டேன். அந்த மாலை காய்ந்து உதிர்வதற்குள் உன்மேலேயே உனக்குப் புகார் எழுதுவேன் என்று நினைக்கவில்லை. ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். பாதியில் மடித்து வைக்காமல் படி.

பலாக்கொல்லை மங்கம்மாளை உனக்குத் தெரியாது. சந்தை நாளில் எனக்குச் சாமையும் புளியும் கொண்டுவந்து தருபவள். அவளுக்கு ஒரே பிள்ளை, ரங்கன். தை மாதம் யாரோ ஒருவன் வந்து, கிணறு வெட்டும் வேலை என்று சொல்லி அவனை அழைத்துப் போனான். எந்த ஊர்க் கிணறு என்று சொல்லவில்லை. அந்த வேலைக்குப் போனவர்கள் ஆந்திரக் காட்டில் திருட்டுத்தனமாகச் செம்மரக் கட்டை வெட்டத்தான் போகிறார்கள் என்பது இந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். அதன்பிறகு ரங்கனிடமிருந்து ஒரு போன்கூட இல்லை. புகார் கொடு என்று நான் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "கொடுத்தா மொதல்ல எம் புள்ளையத்தான புடிப்பாங்க டாக்டரம்மா" என்பாள். உன் மாமா மாட்டுக்கு ஊசி போட்டதற்காக என்னை இன்னும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். திருத்திப் பார்த்தேன், பலனில்லை.

புதிதாக வந்த சப்-இன்ஸ்பெக்டர் சிவசங்கரிடம் இதைச் சொன்னது நான். அந்தப் பிள்ளைக்குக் கைவிரல் நகம் சுத்தமாக இருந்தது, உட்காரச் சொன்னபிறகுதான் உட்கார்ந்தான், அதனால் சொன்னேன். "அந்த ஊர்ல யாரும் எங்கிட்ட பேசவே மாட்டேங்கறாங்க மேடம். மொதல்ல நம்பிக்கை வரணும்" என்றான். நம்பிக்கை வருவதற்காக ஊர் நடுவில் ஒரு புகார்ப் பெட்டி மாட்டினான். பெயர் போடாமல் எழுதலாம், பயப்பட வேண்டாம் என்று அதன்மேல் எழுதியும் வைத்தான். அதற்குள் கேமரா இருக்கிறது என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. பெண்கள் தண்ணீருக்குச் சுற்றுவழியில் போனார்கள். "பொட்டி பாக்குது டாக்டரம்மா" என்றாள் முத்தம்மாள். அந்த ஊரில் யாருக்கும் அஞ்சாதவள் அவள் ஒருத்திதான். "ஒண்ணுமில்லாத பொட்டிக்கு எவனாச்சும் பூட்டு போடுவானா?" கான்வென்டில் படித்த எனக்கே அது நியாயமாகத்தான் பட்டது.

பிறகு ஜீப்பில் போனான். ஜீப் சத்தம் திருப்பத்தில் கேட்டதுமே ஊர் காலி. எழுந்து நடக்கவே முடியவில்லை என்று என்னிடம் தைலம் வாங்கிப்போன வேடியப்பன்தான் முதலில் ஓடினானாம். வீடெல்லாம் திறந்து கிடக்க, மங்கம்மாள் வீட்டு அடுப்பில் சாமைச் சோறு அடிபிடிக்கும் பதத்தில் கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது. இந்தப் பிள்ளை விறகை வெளியே இழுத்துவிட்டு, கரண்டியால் ஒரு கிண்டு கிண்டி, மூடிவைத்துவிட்டு வந்திருக்கிறான். அவர்கள் திரும்பி வந்து பார்த்து, போலீஸ் கை வைத்த சோறு, எதையாவது கலந்திருப்பான் என்று பானையோடு கொண்டுபோய்க் கொட்டிவிட்டார்கள். அன்று ராத்திரி மங்கம்மாள் சாப்பிடவில்லை. இதைக் கேட்டபோது அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அப்போதுதான் நான் யோசனை சொன்னேன். காக்கி வேண்டாம், ஜீப் வேண்டாம், தனியாக மோட்டார் சைக்கிளில் போங்கள் என்றேன். உன் மாமா போனபிறகு யாரையும் தொடவிடாமல் வைத்திருந்த வேட்டி ஒன்றை எடுத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். வெறுங்கையோடு போகக்கூடாது, குழந்தைகளுக்கு பிஸ்கட் வாங்கிப் போங்கள் என்றேன். சிரித்த முகமாகப் பேசுங்கள் என்றும் சொன்னேன்.

வெள்ளை வேட்டி, மோட்டார் சைக்கிள், பிஸ்கட், சிரித்த முகம். சக்திவேல், தை மாதம் ரங்கனைக் கூட்டிப்போனவன் அப்படித்தான் வந்திருக்கிறான். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த ஊரார் யாரை நினைத்தால் வயிறெரிவார்களோ, அவனையே என் கையால் ஜோடித்து அனுப்பியிருக்கிறேன்.

போனதும் போகாததுமாக, "ரங்கன் வூடு எதுங்க?" என்று சிவசங்கர் கேட்டிருக்கிறான். அந்த ஊர்ப் பேச்சை இதற்காகவே பழகிவைத்திருந்தான், பாவம். முத்தம்மாள் துடைப்பத்தோடு வந்தாள். "ஒருத்தன் பத்தலியாடா உனுக்கு? இன்னும் எத்தினி பேரு வோணும்?" யாரோ மாட்டுக் கயிறு கொண்டுவர, பலாமரத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். மங்கம்மாள் அடிக்கவில்லை. சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எம் புள்ள எங்கடா?"

"தெரியலம்மா. கேட்டுச் சொல்றேன்."

"யாராண்ட கேப்ப?"

"எல்லார்கிட்டயும் கேக்கறேன்."

அடையாள அட்டை அவன் சட்டைப்பையில்தான் இருந்திருக்கிறது. ஏன் சொல்லித் தொலைக்கவில்லை என்று பிறகு நான் சத்தம் போட்டேன். "போலீஸ்னு சொல்லியிருந்தா ஓடிப்போயிருப்பாங்க மேடம். இன்னிக்குத்தான் எங்கிட்ட பேசவே ஆரம்பிச்சாங்க" என்றான். பேசினார்கள்தான். திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். வந்தவன் நெற்றியில் இருந்த தழும்பு, அவன் வண்டியின் நிறம், புதூர்நாட்டுப் பக்கம் எந்த டீக்கடையில் ஆள் சேர்த்தான், போகும்போது ரங்கன் போட்டிருந்த நீலச்சட்டை, எல்லாம். நடுவில் முத்தம்மாள் அவன் வாயில் கூழை ஊற்றி, "குடி. உன்ன மாதிரி ஈவு இரக்கம் இல்லாத ஜென்மம் இல்ல நாங்க" என்றாளாம். பெட்டி வைத்தும் வராத புகார், கட்டிப்போட்டவனிடம் வந்து சேர்ந்தது.

மத்தியானம் கல்லூரியிலிருந்து திரும்பிய ஈஸ்வரி என்ற பெண், "ஐயோ, இவரு எஸ்.ஐ. சாரு! எங்க காலேஜ்ல வந்து பேசினாரு!" என்று கத்தியிருக்கிறாள். அவ்வளவுதான், ஊர் மறுபடியும் காலி. அவிழ்த்துவிட்டு ஓட வேண்டும் என்றுகூட ஒருவருக்கும் தோன்றவில்லை. மங்கம்மாள் மட்டும் நின்றாள்.

"நீ போலீசா?"

"ஆமாம்மா."

"கேட்டுச் சொல்றேன்னு சொன்னது?"

"அது நெசம்தான்மா."

அவள்தான் அவிழ்த்துவிட்டாள். முடிச்சு இறுகிப்போய்ப் பல்லால் கடித்து இழுத்தாளாம்.

இதற்குமேல் நடந்தது உன் வேலை. யாரோ செல்போனில் எடுத்த படம் ஊரெல்லாம் சுற்றியது, இலாகாவுக்கு அவமானம் என்று நீ அந்தப் பிள்ளையை மலையைவிட்டே தூக்கிவிட்டாய், ஊர்மேல் வழக்கு என்று தினமும் ஜீப் அனுப்புகிறாய். அவமானம் அவனுக்கா உனக்கா என்று நான் கேட்கவில்லை, ஆனால் அவன் ஒரு வார்த்தை புகார் சொல்லவில்லை, அதையும் நீ கேட்டிருக்க மாட்டாய். ஐப்பசி மழையில் பலாக்கொல்லை ஜனங்கள் ஜீப்புக்குப் பயந்து கைக்குழந்தையோடு காட்டுக்கொல்லையில் படுக்கிறார்கள், முத்தம்மாளுக்குக் குளிர்காய்ச்சல், வேடியப்பனுக்கு நெஞ்சில் சளி, தைலம் கேட்டு என் வீட்டுக்கு வரக்கூடப் பயப்படுகிறான், ஏன்னா டி.எஸ்.பி. எனக்கு மருமகனாம். இன்னா மருமகன், போ. ரங்கன் விஷயமாக, சிவசங்கர் இடத்துக்குப் புதிதாக வந்தவரைக் கேட்டால், தாயார் நேரில் வந்து எழுதிக் கொடுக்கட்டும் என்கிறார். மங்கம்மாள் வந்தாள். ஸ்டேஷன் வாசல்வரை வந்துவிட்டு, கால் உள்ளே போக மாட்டேன் என்கிறது என்று என் வீட்டுக்குத் திரும்பிவந்து அழுதாள். கையைப் பிடித்து அழைத்துப் போகிறேன் என்றேன். "அந்தத் தம்பி இல்லியே" என்றாள்.

ஆகவே, ஊர்மேல் போட்ட வழக்கை எடுத்துவிடு. யாருக்காவது தண்டனை கொடுத்தே தீர வேண்டுமென்றால், அவனுக்கு அந்தக் கோலம் போட்டுவிட்ட என்னைக் கூப்பிடு. துவைத்த புடவை கட்டிக்கொண்டு வருகிறேன். ரங்கன் உயிரோடு இருக்கிறானா, இருந்தால் எந்தச் சிறையில், எந்த ஆஸ்பத்திரியில் என்று உன் அலுவலகம் விசாரித்து, முத்திரையோடு எழுத்தில் மங்கம்மாளுக்குத் தெரிவிக்க வேண்டும். வாய்ப்பேச்சை இந்த ஜனங்கள் நம்புவதில்லை.

கவியாவுக்கு என் ஆசி. குழந்தைக்கு மழைக்காலத்தில் குல்லா போடாமல் வெளியே விடாதீர்கள். நீ நீண்ட ஆயுளோடு, நல்ல பெயரோடு இரு. இரண்டாவது உன் கையில்தான் இருக்கிறது.

உன் அத்தை,
காந்தா.

பின்குறிப்பு: இதை மங்கம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "காயிதம் வாணாம் டாக்டரம்மா" என்கிறாள். முத்திரையும் வேண்டாமாம். "காயிதம் யாரு வோணும்னாலும் எழுதுவாங்க. அந்தத் தம்பி கேட்டுச் சொல்றேன்னு சொல்லிச்சி. அதே வந்து சொல்லட்டும்." கெட்ட செய்தியாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். "கெட்ட சேதின்னா அந்தத் தம்பி கண்டிப்பா வரணும்" என்றாள். அதனால் மேலே முத்திரை, எழுத்து என்று நான் கேட்டதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். உனக்கு ஏற்கெனவே ஏதாவது தெரிந்திருந்தாலும் எனக்கு எழுதாதே, அவளுக்கும் எழுதாதே. சிவசங்கரிடம் சொல்லி அனுப்பு. அவனை அனுப்புவாயா, மாட்டாயா? செல்போனில் கைகூப்பும் படம் அனுப்பாமல், இந்த ஒன்றுக்கு மட்டும் எனக்கு எழுத்தில் பதில் போடு.