பனித்தரையில் ஒரு பொன்னாடை

லண்டனில் ஓர் ஐஸ் ஹொக்கி ஆட்டத்தை அரை மணித்தியாலம் நிறுத்தி வைத்த தமிழன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். (வேறு யாராவது இருந்தால் தயவுசெய்து முன்னுக்கு வாருங்கள். வெட்கத்தைப் பங்குபோட்டுக்கொள்ளலாம்.)

செவன் கிங்ஸில் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் நான் நெடுங்காலச் செயற்குழு உறுப்பினர். பெயர்தான் பெரிது. வேலை என்னவோ விழா மேடையில் தட்டம் பிடிப்பது. சந்தனம், குங்குமம், பூ, பொன்னாடை எல்லாம் வைத்த தட்டத்தை நான் ஏந்தி நிற்பேன். தலைவர் பொன்னாடையை எடுத்து ஒரு டொக்டருக்கோ கவுன்சிலருக்கோ போர்த்துவார். படத்தில் என் கை மட்டும் விழுந்திருக்கும்.

இப்படிப்பட்டவனை மகள் துளசி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐஸ் ஹொக்கி பார்க்க இழுத்துக்கொண்டு போனாள். அங்கேதான் டெரெக்கைக் கண்டேன். நாலாவது வரிசை ஆட்டக்காரன். நட்சத்திரங்கள் களைத்து மூச்சு வாங்கும்போது ஒரு நிமிடம் உள்ளே வருவான். ‘பக்’ என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு குண்டு மாதிரிப் பறந்து வரும்; அதற்குக் குறுக்கே உடம்பைப் போட்டு விழுவான். பிறகு விலாவைத் தடவிக்கொண்டு ஓரத்து வாங்குப் பலகையில் போய் இருந்துவிடுவான். கோல் அடிப்பதெல்லாம் அத்திபூத்த மாதிரி. ஆனால் அவன் காலை உள்ளே வைத்தால் போதும், சனம் எழும்பி நின்று பெயரைச் சொல்லிக் கத்தும்.

‘அட, இவனும் என்னைப் போல தட்டம் பிடிக்கிற ஆள்தான்’ என்று எனக்குத் தோன்றியது. அந்த நேரம் எனக்கு வேலை போய், யாருடைய முகத்திலும் முழிக்காமல் வீட்டுக்குள் அடைந்து கிடந்தேன். ஞாயிறு அவன் விழுந்து எழும்புவதைப் பார்த்துத்தான் திங்கள் காலையில் நானும் கட்டிலை விட்டு எழும்பினேன். இதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

இரண்டு வருடம் கழித்து, டெரெக் ஓய்வுபெறுகிறான் என்று செய்தி வந்தது. கடைசி ஆட்டத்துக்கு முன் ரசிகர்கள் மரியாதை செய்யலாம் என்றார்கள். பொன்னாடை போர்த்தி நன்றியுரை வாசிக்க நான் பெயர் கொடுத்துவிட்டேன்.

“இஞ்சேருங்கோ, உங்களுக்கு விசரே?” என்றாள் மனைவி சாந்தி. “சங்கத்தில கேள்விப்பட்டா விழுந்து விழுந்து சிரிப்பினம்.”

“சிரிக்கட்டும். அந்தப் பெடியனுக்கு நான் ஒருக்கா நன்றி சொல்ல வேணும். இந்த ஞாயிறு விட்டா இனி ஏலாது.”

பனித்தரையின் ஓரத்தில் ஒரு கம்பளம் விரித்திருந்தார்கள். “இதை விட்டு இறங்கவேண்டாம், டெரெக் உங்களிடம் வருவார்” என்று ஏற்பாட்டாளர் மூன்று தரம் சொன்னார். நானும் மூன்று தரம் தலையாட்டினேன். அதற்குள் முதல் பிழை நடந்துவிட்டது. குங்குமமும் பூவும் இருக்கிற தட்டத்தைச் சப்பாத்துக் காலோடு தொட்டுப் பழக்கமில்லை. தட்டம் கைக்கு வந்ததும் கால் தானாகச் சப்பாத்தைக் கழற்றிவிட்டது. புதுக் கம்பளிக் காலுறையோடு நின்றேன்.

டெரெக் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு, கூச்சத்தோடு சறுக்கி வந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. பிரதம விருந்தினர் எங்களைத் தேடி வருவதா? எந்த ஊர்ப் பண்பாடு இது? நாங்களல்லவா அவரிடம் போகவேண்டும்!

போனேன்.

“அப்பா! நோ! கார்பெட்! கார்பெட்!” என்று துளசி அலறியது கேட்டது.

இரண்டாவது அடியில் நான் மல்லாக்க விழுந்தேன். தட்டம் ஒரு பக்கம், சந்தனம் ஒரு பக்கம். விழுந்ததோடு நின்றேனா? கோல் கம்பத்தை நோக்கித் தலை முன்னாகச் சறுக்கிக்கொண்டே போனேன். ‘சரி, முருகா’ என்று கண்ணை மூடினேன். மோதியது இரும்பில் இல்லை. டெரெக் பாய்ந்து குறுக்கே விழுந்திருந்தான். என் தலை அவனுடைய விலாவில்.

வெள்ளைப் பனியில் செக்கச்செவேலென்று குங்குமம். அரங்கமே “ஐயோ” என்றது. முதலுதவிக்காரர் ஓடி வந்து, “எங்கே காயம்?” என்றார்.

“காயமில்லை, குங்குமம்.”

“அது உடம்பில் எங்கே இருக்கிறது?”

பனியைத் துப்புரவாக்கும் வண்டி வந்து அந்தச் சிவப்பைத் தேய்க்கத் தேய்க்க, பாதித் தரை ரோசா நிறமாகியது. ஒலிபெருக்கி, “பூசைப் பொடி காரணமாக ஆட்டம் தாமதம்” என்றது. துளசி ஜக்கெட் தொப்பிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்கு அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. டெரெக் விலாவைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனதுதான் கண்ணுக்குள் நின்றது. நன்றி சொல்ல வந்த பாவி, அவனுடைய கடைசி ஆட்டத்தையே நாசமாக்கிவிட்டேனே!

ஆட்டம் தொடங்கியது. நாலாவது வரிசை வந்தது. அவன் இல்லை. மறுபடியும் வந்தது. இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு கதவு திறந்தது. சனம் கத்திய கத்தலில் கூரை போயிருக்கும். சனத்தோடு நானும் கத்தினேன். வழக்கம்போல ஒரு கோலும் அடிக்காமல், மூன்று தரம் குறுக்கே விழுந்து, அந்தப் புண்ணியவான் ஆட்டத்தை முடித்தான்.

மன்னிப்புக் கேட்க உடைமாற்றும் அறைப் பக்கம் போனேன். விலாவில் ஐஸ் பையோடு வாங்கில் இருந்தான். தோளில், பனியில் விழுந்த என் பொன்னாடை.

“பதினைந்து வருடமாகப் பக் தடுக்கிறேன்” என்று சிரித்தான். “உங்களைப் போலப் பாரமான ஒன்று வந்ததில்லை.” பிறகு, “ஏதோ வாசிக்க இருந்தீர்களாமே?” என்று கேட்டான்.

பொக்கெற்றிலிருந்து நனைந்த காகிதத்தை எடுத்து வாசித்தேன். நான் எழுதிய இரண்டு பக்கத்தில் மிஞ்சியது நாலு வரி. வேலை போன ஒரு மனிதன் உன்னைப் பார்த்து எழும்பினான், திரும்பவும் வேலைக்குப் போனான், அது நான்தான் என்பது கடைசி வரி.

அவன் ஐஸ் பையை வாங்கில் இறக்கி வைத்தான். “அம்மா வெளியே காரில் இருக்கிறார்” என்றான் பிறகு. “கோல் அடிக்காமல் இத்தனை வருடம் என்னதான் விளையாடினாய் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவருக்கு ஒருதரம் வாசிக்கிறீர்களா?”

கார் தரிப்பிடத்தில், கண்ணாடியை இறக்கிவிட்டு அந்த அம்மா கேட்டார். நான் வாசித்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார், கனநேரம் விடவில்லை.

இப்போது ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அவரிடமிருந்து எங்களுக்கு வாழ்த்து அட்டை வருகிறது. உறையில் என் பெயர் இருக்காது. ‘என் மகன் தடுத்த மிகப் பாரமான பக்குக்கு’ என்று எழுதியிருப்பார். தபால்காரர் சரியாக எங்கள் வீட்டில்தான் போடுகிறார். சாந்தி அதைக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டிவிட்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள்:

“துளசி, பக்குக்குத் தேத்தண்ணி போடு பிள்ளை!”